சிரிப்புக்கு நான் போட்ட பூஜ்யம்

போன வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சிறப்புக் குழந்தைகள் மையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சைக்காலஜிஸ்ட் அவள். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. இப்போது அங்கே காகிதப் படிவம் கிடையாதாம். டேப்லெட் வந்துவிட்டது. அம்மாவிடம் கேட்க முப்பது கேள்வி, பிள்ளையிடம் கேட்க முப்பது கேள்வி. பதிலைத் தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் அதுவே கூட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் காட்டிவிடுமாம்.

“மேடம், பதினஞ்சு வயசுப் பையன், ஆட்டிசம். பதற்றம் எவ்வளவு இருக்குன்னு பார்த்தேன். அம்மா பக்கமும் பூஜ்யம், பையன் பக்கமும் பூஜ்யம். பச்சை வட்டம் வந்துருச்சு. ஃபைலை மூடிரலாமா?”

“மூடாதே!” என்று கத்திவிட்டேன். அடுப்படியில் இருந்த என் கணவர் என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தார். கத்தியதற்குப் பிரியாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். காரணத்தைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். பூஜ்யம் போட்டு ஒரு பெண்ணின் ஃபைலை மூடியவள் நான். அது அப்படியே மூடிக் கிடந்திருந்தால் அவள் இன்று எங்கே இருந்திருப்பாள் என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். தபாலில் எம்.ஏ. உளவியல், சென்னையில் இரண்டு வருடப் பயிற்சி, பிறகு கல்யாணமாகிப் புதுக்கோட்டை. திருக்கோகர்ணத்தில் ஒரு வாடகை வீட்டில் நடந்த மையத்தில் சேர்ந்தேன், அங்கேயே இருபத்தாறு வருடம் இருந்தேன். ஆரம்பத்தில் ஆட்டிசம் என்ற சொல்லைப் பெற்றோருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். கடைசிக் காலத்தில் அவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் கடைசிவரை மாறவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பயம், ‘பயம்’ என்ற பெயரில் எங்கள் மையத்துக்கு வந்ததே இல்லை. அடம், கொழுப்பு, செல்லம், சேட்டை, இந்த நான்கில் ஒரு பெயரில்தான் வரும். கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் ‘அடம்’ என்று வந்தான். ஃபேன் ஓடும் அறைக்குள் காலை வைக்க மாட்டான். அப்பா அடித்து இழுத்துப் போனால் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எட்டு தடவை அவனோடு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் இல்லை விஷயம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்குமே, அது எந்த நிமிஷம் என்று யாருக்கும் தெரியாதே, அதுதான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது. வகுப்பில் சுவிட்சுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, போடுவதும் அணைப்பதும் அவன் பொறுப்பு என்றார்கள். மறுநாளே உள்ளே வந்துவிட்டான். இப்படி நாலைந்து கேஸ் ஜெயித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தலைக்கனத்தின் உச்சியில் நான் இருந்தபோதுதான் டாக்டர் மெர்சி வந்து சேர்ந்தார். மனநல மருத்துவர், என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். புதன், சனி இரண்டு நாள் வருவார். நான் எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று விதி வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அவருடைய முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பிரியா, உனக்கு உதவும். பிள்ளை வருவதற்கு முன்னால் கை வளையலைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவார். செருப்பு வெளியே. அறையில் மூன்று நாற்காலி, ஒன்று சுவரைப் பார்த்து இருக்கும். பிள்ளை எதில் உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி. பேர் என்ன, எந்த ஊர், சாப்பிட்டியா, ஒன்றும் கேட்கக் கூடாது. முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. நம் ஊர் அம்மாக்களைப் பத்து நிமிஷம் வாய்மூடி உட்காரவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியும். “சொல்லு தங்கம், டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லு” என்று பிள்ளையின் கையைப் பிடித்துக் கூப்ப வைப்பார்கள். டாக்டர் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். அம்மாக்கள் அடங்கிவிடுவார்கள்.

பிறகு மூன்று தாள். முதல் தாளில் அழைத்து வந்தவர் சொன்னது. இரண்டாவதில் பிள்ளை சொன்னது, அவன் வார்த்தையிலேயே. மூன்றாவதில் நாம் கண்ணால் பார்த்தது. மூன்றும் முடியும்வரை ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தக் கூடாது. மூன்றாவது தாளுக்குத் தனியாக ஒரு சட்டம் உண்டு. பயந்தான், சந்தோஷப்பட்டான், கோபப்பட்டான் என்று எழுதக் கூடாது. கையை என்ன செய்தான், எத்தனை தடவை கதவைப் பார்த்தான், எப்போது எழுந்தான் என்று மட்டும் எழுத வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும், ‘ங்க’ இன்னும் கூடும். “மேடம், இத இன்னொரு தடவை பாருங்களேங்க” என்றால் நான் மாட்டினேன் என்று அர்த்தம்.

கொரோனா முடிந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை ஆலங்குடிப் பக்கத்திலிருந்து சுகன்யாவை அழைத்து வந்தார்கள். பதினேழு வயது. சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று உறுதியாகி, பத்தாவதுவரை படித்து, வீட்டில் இருந்தாள். கூட வந்தது அம்மா விஜயாவும் சித்தப்பாவும். தேங்காய் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஆறு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் இறந்துபோயிருந்தார். சித்தப்பாதான் பேசினார். சுகன்யாவை வெளி மாவட்டத்தில் ஒரு ஹோமில் சேர்க்கப் போகிறார்கள். ஹோமில் மதிப்பீட்டு ரிப்போர்ட் கேட்கிறார்கள். பதற்றம், பயம் எதுவும் இல்லை, புது இடத்துக்குப் பழகிக்கொள்வாள் என்று எழுதித் தர வேண்டும்.

“ஏன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை?” என்று கேட்டேன்.

விஜயா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா சொன்னார்: “எங்கண்ணன் செத்துக் கெடக்குறாரு மேடம். ஊரே கூடி அழுவுது. இந்தப் புள்ள நடுவுல நின்னு சிரிக்கிறா. ஒரு நேரம் ரெண்டு நேரமில்ல, எடுக்குற வரைக்கும் சிரிச்சா. எங்க அக்கா அன்னைக்கே சொல்லிருச்சு, அப்பன் சாவுக்குச் சிரிச்சவ இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு. சொந்தக்காரவுக யாரும் வாசப்படி மிதிக்கிறதில்ல.”

நான் படிவத்தை எடுத்தேன். அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள், அம்மாவுக்கு மறுநாள் கடலை பறிக்கிற வேலை. சீக்கிரம் முடித்து அனுப்புவோம் என்று நினைத்தேன். பத்து நிமிஷ மௌனத்தை விட்டுவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்; சிரித்தாள். தோளில் தட்டிக்கொடுத்தேன்; வாய்விட்டுச் சிரித்தாள். என்ன அழகான பெண், எவ்வளவு கலகலப்பு என்று நினைத்தேன்.

இருட்டைக் கண்டால் பயமா? “இல்ல.” தனியாக இருக்க? “இல்ல.” நாய்? “இல்ல.” பேய்? “இல்ல.” பாம்பு என்றதும் அம்மாவே முந்திக்கொண்டார்: “கடலைக் காட்டுல பாம்பு குறுக்க போனாக்கூட நின்னு பாத்துக்கிட்டு இருப்பா மேடம். நாங்கதான் அலறிக்கிட்டு ஓடுவோம்.”

கூட்டினேன். பூஜ்யம். மூன்றாவது தாளில், ‘மகிழ்ச்சியான பெண். சிரித்த முகம். பதற்றத்தின் அறிகுறி இல்லை’ என்று எழுதினேன். டாக்டர் வரப் புதன்கிழமை ஆகும். இவர்களை மறுபடி இரண்டு பஸ் ஏற வைப்பானேன் என்று, அவர் பார்க்காமலே நகல் எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். விஜயா என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

புதன்கிழமை டாக்டர் ஃபைலைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

“மேடம், மகிழ்ச்சியான பெண்ணுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“சிரிச்சுக்கிட்டே இருந்தா டாக்டர்.”

“எப்பெப்ப சிரிச்சாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேங்க.”

யோசித்தேன். நாற்காலியை இழுத்தபோது. வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்தபோது. சித்தப்பா ஹோம் என்று சொன்னபோது. எல்லாவற்றையும்விட அதிகமாக, முன்பின் தெரியாத நான் அவளைத் தொட்டபோது. இருபத்துச் சொச்சம் வருட அனுபவம், பிரியா. செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடிக்கிறவள் நான்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பயமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நமக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதிக் குடுத்துட்டோம். அதை முதல்ல திரும்ப வாங்கணும்” என்றார். ‘குடுத்துட்டோம்’ என்று என்னோடு தன்னையும் சேர்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை.

சித்தப்பாவுக்குப் போன் செய்தால், வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு ஆகிவிட்டது என்றார். அன்று சாயங்காலமே ஆலங்குடி பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். முந்திரிக் காட்டை ஒட்டி வீடு. நடையில் ஒரு புது பேக், அதில் சுகன்யாவின் துணிகளை மடித்து வைத்திருந்தார்கள். அவள் ஆட்டுக்குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

“நான் எழுதினது தப்பு. அந்த ரிப்போர்ட் செல்லாது” என்றேன்.

“முந்தாநேத்து நல்லாருக்கான்னு எழுதுனீங்க. இன்னைக்குத் தப்புங்கிறீங்க. எதைத்தான் நம்புறது?” என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி.

“நாலு நாள் குடுங்க. தினமும் காலையில பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறமும் நான் இதையே எழுதினா, நீங்க கூட்டிட்டுப் போங்க.”

அவர் யோசித்தார். அன்று அதுவரை வாயைத் திறக்காத விஜயா, “நான் கூட்டிட்டு வாரேன் மேடம்” என்றார். மகளுக்காக அந்த அம்மா தானாக முன்வந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வியாழன் முதல் டாக்டரும் தினமும் வந்தார். முதல் நாள், பத்து நிமிஷ மௌனம். சுகன்யா சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு டாக்டர் தென்னை மரப் படத்தை வைத்தார். மனசில் கஷ்டம் எவ்வளவு என்று பிள்ளைகள் காட்டுவதற்கு நாங்கள் வைத்திருந்த படம் அது. கீழே இருந்தால் அமைதி, உச்சிக்குப் போனால் தாங்க முடியவில்லை. “இப்ப எங்க இருக்கீங்க, சுகன்யா?”

சுகன்யா படத்தைப் பார்த்தாள். “நான் மரம் ஏற மாட்டேன். மரம் ஏறுறவரு வெள்ளிக்கெழம வருவாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தையும் இரண்டாவது தாளில் அப்படியே எழுதிக்கொண்டு, படத்தை எடுத்து வைத்துவிட்டார்.

மேசையில் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் கிடந்தது, விரலில் மாட்டுகிற கிளிப். காலையில் வேறொரு பிள்ளைக்குப் பார்த்துவிட்டு நர்ஸ் மறந்து வைத்துவிட்டுப் போனது. சுகன்யா அதை எடுத்துத் தானே விரலில் மாட்டிக்கொண்டாள். சிவப்பு வெளிச்சம், இரண்டு எண்.

“இது என்ன?”

“மேல உள்ளது ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு. கீழ உள்ளது ஒங்க நெஞ்சு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்குதுன்னு காட்டும்” என்றார் டாக்டர்.

“நூத்தி நாலு” என்றாள் சுகன்யா. எங்கள் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காதவள் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் சும்மா இருந்தோம். கால் மணி நேரம் போனது. “எம்பத்தாறு” என்றாள். கிளிப்பைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. “வச்சுக்கட்டும்” என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை அவளாகவே மாட்டிக்கொண்டாள். எண்பத்தெட்டு. விஜயா போனில் ஆட்டுக்குட்டியின் படத்தைக் காட்டினார். கல் மாதிரி முகம்; உடம்பு மட்டும் முன்னும் பின்னும் லேசாக ஆடியது. எண்பத்திரண்டு. அப்போது தெருவில் பழைய இரும்பு வாங்குகிற வண்டி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்தது. சுகன்யா சிரிக்க ஆரம்பித்தாள். கண் சுருங்கி, பல் தெரிய, பார்ப்பவருக்கும் சிரிப்பு வரும்படியான சிரிப்பு. நான் அவள் விரலைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. நூற்றுப் பத்து. நூற்று இருபத்து நாலு. வண்டி தெருமுனை திரும்பிச் சத்தம் தேய்ந்தது, சிரிப்பு நின்றது, எண் இறங்க ஒன்பது நிமிஷம் ஆனது.

அவர்கள் போனதும், “கண்டுபிடிச்சாச்சு டாக்டர்!” என்றேன்.

“காபி குடிச்சாலும் ஏறும் மேடம். மாடி ஏறினாலும் ஏறும். காய்ச்சல் வந்தாலும் ஏறும். நாலு நாள்னு சொல்லியிருக்கோம், நாலு நாளும் பாப்போம்.”

“நாளைக்கு நாமளே ஒரு சத்தம் குடுத்துப் பாத்தா என்ன?”

“பயமுறுத்திப் பாக்குறது மதிப்பீடு இல்லைங்க மேடம்.” ‘ங்க’ வந்துவிட்டது.

சனிக்கிழமையும் அதே கதைதான். விரும்பியதைப் பார்த்தால் அசையாத முகம், இறங்கிய எண். தெரியாதவர் உள்ளே வந்தால் சிரிப்பு, ஏறிய எண்.

ஞாயிற்றுக்கிழமை விஜயாவோடு இன்னொருவர் வந்தார். அத்தை பாக்கியம், இறந்தவரின் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. ஐம்பது வயதிருக்கும். தினம் தினம் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். நாற்காலியை மறுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷ மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. டாக்டரின் உள்ளங்கையும் அவரிடம் பலிக்கவில்லை.

“என்னத்தையம்மா இப்புடிப் பாத்துக்கிட்டே இருக்கீங்க? நான் சொல்றேன் கேளுங்க. தங்கமான அண்ணன். நடு வீட்டுல கெடத்தியிருக்கு. வாரவுக எல்லாம் எங்களக் கட்டிப்புடிச்சு அழுவுறாக. இவளையும்தான் கட்டிப்புடிச்சு, அப்பனப் பறிகுடுத்திட்டியே ஆத்தான்னு அழுவுறாக. இவ என்ன செஞ்சா தெரியுமா? ஒவ்வொருத்தி கட்டிப்புடிக்கையிலயும் சிரிக்கிறா. எங்கண்ணே, ஒனக்கு வாச்சது இப்புடியா...” அதற்குமேல் சொல்ல முடியாமல் அத்தை வாய்விட்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

சுவரைப் பார்த்த நாற்காலியில் இருந்து சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக, பிறகு அறை அதிர.

“பாருங்க! இப்பவும் பாருங்க!” என்று அத்தை கையை நீட்டினார்.

“நூத்தி நாப்பத்தொண்ணு” என்றாள் சுகன்யா, சிரித்துக்கொண்டே.

“என்ன சொல்றா?”

நான் விளக்க வாயெடுத்தேன். டாக்டர் என்னைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். அத்தையின் அருகில் தரையில் போய் உட்கார்ந்தார். டிராயரில் இருந்த இன்னொரு கிளிப்பைக் காட்டி, “அம்மா, ஒங்க விரலக் கொஞ்சம் குடுக்குறீங்களா? வலிக்காது” என்றார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினார்.

தொண்ணூற்று இரண்டு.

“இது ஒங்க நெஞ்சு அடிக்கிற கணக்கு. ஒங்களுக்குத் தொண்ணூத்தி ரெண்டு. அந்தப் புள்ளைக்கு நூத்தி நாப்பத்தொண்ணு” என்றார் டாக்டர்.

அத்தை தன் விரலைப் பார்த்தார். எழுந்து போய்ச் சுகன்யாவின் விரலைப் பார்த்தார். சிரிக்கிற முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் முழங்காலையும் பார்த்திருக்க வேண்டும். பாவாடைக்குள் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“சிரிச்சியே ஆத்தா...” என்றார் அத்தை. கேள்வியா, சொல்லா என்று தெரியவில்லை.

டாக்டர் காத்திருந்தார். எண் நூறுக்குக் கீழே வரப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. வந்த பிறகு, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சுகன்யா, அன்னைக்கு எத்தனை பேர் ஒங்களக் கட்டிப்பிடிச்சாங்க?”

“எழுபத்தாறு” என்றாள். யோசிக்கவே இல்லை.

“கட்டிப்பிடிச்சா ஒங்களுக்குப் புடிக்குமா?”

“புடிக்காது.”

“பின்ன ஏன் அங்கேயே நின்னீங்க? ஓடிப் போயிருக்கலாமே?”

சுகன்யா கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். “அப்பா அங்க இருந்தாங்க” என்றாள்.

பிரியா, என் இருபத்தாறு வருடத்தில் அதைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. யாராவது விரலால் தொட்டாலே நெஞ்சு உடைந்துவிடும்போல அடிக்கிற ஒரு பெண், எழுபத்தாறு பேர் ஒருவர் பின் ஒருவராக இறுக்கிக் கட்டிக்கொண்டு காதருகே கதற, அப்பாவை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறாள். நின்றவளை ஊர், சிரித்தவள் என்றது. நான் பூஜ்யம் என்றேன். பாம்புக்கு அஞ்சாதவள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னபோது எனக்கு வராத பிரமிப்பு அப்போது வந்தது. எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டேன், கும்பிட்டிருக்கலாம்.

விஜயா சத்தமில்லாமல் அழுதார். மகளைத் தொடவில்லை. தொடக் கை போய், நடுவழியில் நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் புது ரிப்போர்ட் எழுதினோம். பதற்றம் மிக அதிகம். அது சிரிப்பாக வெளிப்படுகிறது. தெரியாத ஆட்கள், தொடுகை, திடீர்ச் சத்தம் காரணங்கள். இந்த நிலையில் வீட்டைவிட்டுப் பிரிப்பது கூடாது. சிகிச்சை இங்கேயே தொடர வேண்டும். பழைய நகலைச் சித்தப்பா மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அதை நான் கிழிக்கவில்லை. ‘மகிழ்ச்சியான பெண்’ என்ற வரிக்கு மேலே குறுக்குக் கோடு போட்டு, கையெழுத்திட்டு, ஃபைலிலேயே வைத்தேன். மையத்தில் தேடினால் இன்னமும் இருக்கும், எடுத்துப் பார்.

ஹோமுக்கு யாரும் போகவில்லை. அந்தப் பேக்கில் இப்போது ஆட்டுக்கு வாங்கிய தவிட்டைப் போட்டு வைத்திருப்பதாக விஜயா சொன்னார். கிளிப்பைச் சுகன்யாவுக்கே கொடுத்துவிட்டோம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவள், “இன்னைக்கு நூத்தி முப்பது” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். நூறைத் தாண்டினால் கொல்லைப்புறம் ஆட்டிடம் போய்விடலாம், யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம். சரியாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். மோசமான மாதங்களும் வந்தன, மருந்தும் தேவைப்பட்டது. ஆனால் அவளுக்கு என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவின் வருஷத் திவசம் வந்தபோது விஜயா பயந்து எனக்குப் போன் செய்தார். மறுபடி பெண்கள் கூடுவார்கள், மறுபடி கட்டிப்பிடிப்பார்கள். நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பாக்கியம் அத்தை காலையிலேயே வந்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதில் சுகன்யாவை உட்கார வைத்தாராம். தானே முன்னால் நின்றுகொண்டாராம். “எங்க அண்ணன் மக பக்கத்துல யாரும் போகக் கூடாது. அழுவுறவுக அங்கிட்டு நின்னு தொடாம அழுவுங்க” என்று வருகிறவர்களையெல்லாம் தடுத்து நிறுத்தினாராம். ஒரு கிழவி மீறி நெருங்கியபோது, “ஏன் ஆத்தா, ஒனக்குக் காது கேக்கலையா? அவ நெஞ்சு என்ன அடி அடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா?” என்று சண்டைக்கே போய்விட்டாராம். சுகன்யா கடைசிவரை இருந்தாள். எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் மையத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். பொன்னாடை, மாலை, போட்டோ, சாம்பார் சாதம். வந்தவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், கட்டிக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் சிரித்த முகமாகவே நின்றேன். கூட்டம் கலைகிற நேரத்தில் விஜயாவோடு சுகன்யா வந்தாள். பத்தொன்பது வயது, அதே பாவாடை தாவணி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கிளிப். எனக்கு முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல், “விரல்” என்றாள்.

நீட்டினேன். மாட்டிவிட்டாள். என்னைத் தொடாமலே மாட்டிவிட்டாள்.

“நூத்தி பதினெட்டு” என்றாள். எண்ணைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். “மேடம் சிரிக்கிறீங்க.”

என் கணவருக்குத் தெரியவில்லை, கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை. நாளைக் காலையில் எழுந்து எங்கே போவது என்ற பயம் அந்த மாலைக்கும் பொன்னாடைக்கும் அடியில் அடித்துக்கொண்டே இருந்தது.

சுகன்யா கூட்டத்தில் இருந்தவர்களைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். பேச்சு அடங்கியது. ஒரு நாற்காலியைத் தூக்கி, சத்தம் வராமல் வைத்து, சுவரைப் பார்த்துப் போட்டாள். என்னை உட்காரச் சொன்னாள். பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குக் கண்ணீர் வழிந்தது, அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, “எம்பத்தாறு” என்றாள். “இப்ப வீட்டுக்குப் போங்க மேடம்.”

போனேன்.